விழாக்கால வீடும் தாயின் கைவண்ணமும்

(ஆலய மாதர் பகுதியினர் நவராத்திரி விழாவையொட்டி நடத்திய தாய்மார்கள் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கலைமகளைப் போற்றும் இந்நன்னாட்களில், விழாக்காலக் கைவினைகளை வீட்டில் செய்வது பற்றிப் பேசுமாறு மாதர் பகுதியினர் என்னைப் பணித்துள்ளனர். நான் ஓவியரும் அல்லேன். கைவினை ஆசிரியையும் அல்லேன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டுகள் பயின்று, இன்று அரசாங்க அலுவலகமொன்றில் கோப்புகளோடு பகற்பொழுதைக் கழிப்பவள். மூன்று பிள்ளைகளின் தாய். ஆகவே கலையின் நுணுக்கங்களை எடுத்துரைக்க நான் முற்படவில்லை. வேலைக்குச் செல்லும் தாய் ஒருத்தி தன் வீட்டில் எதைச் செய்ய இயலும், அதை ஏன் செய்ய வேண்டும் என்னும் இரண்டு வினாக்களுக்கு மட்டும் விடை கூற விழைகின்றேன்.

விழாவே நமக்குப் பருவம்

நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயிலும் மழையுமே மாறி மாறி வருகின்றன. இளவேனில், முதுவேனில், முன்பனி, பின்பனி என்று பள்ளியில் மனப்பாடம் செய்தோம். ஆனால் அவற்றை நம் முற்றத்தில் கண்டதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரே ஓர் இலையுதிர் காலம் தெரியும். அது ஆண்டின் தொடக்க மாதங்களில் ரப்பர் மரங்கள் இலைகளைக் கொட்டித் தீர்க்கும் காலம். தோட்டங்களை விட்டு வீடமைப்புப் பகுதிகளில் குடியேறிய பிறகு அந்த அடையாளமும் நம் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது.

அப்படியானால் இம்மண்ணில் வாழும் தமிழ்க் குழந்தைக்குத் திங்கள் மாறுவதை உணர்த்துவது எது? தையில் பொங்கல் பானையும் கரும்பும், ஆடியில் வேப்பிலையும் கூழும், புரட்டாசியில் கொலுவும் சுண்டலும், ஐப்பசியில் தீபாவளி, கார்த்திகையில் அகல் விளக்கு, மார்கழியில் விடியற்காலைக் கோலம். விழாவே நமக்குப் பருவம். வானம் காட்டாத பருவத்தை நம் வாசல் காட்டிற்று. அந்த வாசலை அலங்கரித்தவர்கள் நம் தாய்மாரும் பாட்டிமாரும் ஆவர்.

விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பால்மரம் வெட்டிய பெண்கள்தாம் அவர்கள். ஓய்வும் செல்வமும் மிகுந்திருந்ததால் அவர்கள் கோலமிடவில்லை. கிடைத்த சிறு பொழுதிற்குள், கையில் இருந்த பொருளைக் கொண்டு, லயத்து வீட்டையும் விழா வீடாக மாற்றினார்கள். வேலைக்குச் செல்லும் பெண்ணால் இது இயலாது என்று கூறுவோர்க்கு அவர்களுடைய வாழ்க்கையே விடையாகும்.

குருவி எந்தப் பக்கம் பார்க்க வேண்டும்?

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திருமண வீட்டிற்குச் சென்றிருந்தேன். இளைஞர்கள் மிகுந்த ஆர்வத்தோடு தென்னங்குருத்துத் தோரணம் கட்டியிருந்தனர். அதைக் கண்ட முதியவர் ஒருவர் திடுக்கிட்டு நின்றார். எவரையும் கடிந்துகொள்ளவில்லை. ஓர் ஏணியைக் கொண்டுவரச் சொல்லி, தோரணங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து மாற்றிக் கட்டினார். மங்கல நிகழ்ச்சிக்குரிய தோரணத்தில் குருவி போன்ற மடிப்பின் தலை மேல்நோக்கி இருக்க வேண்டும். துக்க வீட்டிற்குரியதில்தான் அது கீழ்நோக்கி இருக்கும் என்பது மூத்தோர் வழக்கு. அந்த இளைஞர்களிடம் குறை காண்பதற்கில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஒரு விழாவில் கூட அவர்கள் குருத்தைக் கையில் பிடித்ததில்லை.

நம் ஆலயத்திலேயே தோரணம் கட்டத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் என்று மாதர் பகுதிச் சகோதரி ஒருவரிடம் வினவினேன். நால்வர் என்றார். அந்நால்வருள் இளையவருக்கு வயது 68. தாய்மார்களே, நான் இன்று பேச ஒப்புக்கொண்டதற்கு இந்த எண்ணே காரணம். நூலில் எழுதப்பட்ட கலை நூலகத்தில் காத்திருக்கும். கையில் மட்டும் உள்ள கலை, அக்கை ஓய்ந்ததும் போய்விடும்.

சென்ற ஆண்டு விடுமுறையில் அந்நால்வருள் ஒருவரை எங்கள் வீட்டிற்கு அழைத்திருந்தேன். குருத்து எளிதில் கிடைப்பதில்லை. ஆதலால் முதலில் வண்ணத் தாளை நீள நீளமாக வெட்டி மடிப்புகளைப் பழகினோம். பிறகு ஒரு குருத்தைப் பிரித்து உண்மைத் தோரணம் செய்தோம். நான்காம் ஆண்டில் பயிலும் என் மகனுக்கு 'லீடி' என்னும் மலாய்ச் சொல் தெரிந்திருந்தது. 'ஈர்க்கு' என்னும் தமிழ்ச் சொல் தெரியவில்லை. மாவிலைகளை மடித்துக் குத்துவதற்காகப் பன்னிரண்டு ஈர்க்குகளைச் சீவி முடித்தபோது அச்சொல் அவன் நாவில் நிலைத்துவிட்டது. குருத்து, ஓலை, கீற்று, மட்டை, பாளை என்று ஒரு தென்னை மரத்தின் சொற்கள் அனைத்தும் ஒரே காலைப் பொழுதில் அவனிடம் வந்து சேர்ந்தன. தேர்வுக்காகப் படித்த சொல் தேர்வு முடிந்ததும் மறக்கக்கூடும். கை பழகிய சொல் அவ்வளவு எளிதில் மறக்காது. வீட்டில் தமிழ் தேய்ந்து வருகிறதே என்று கவலையுறும் பெற்றோர்க்கு, இதைவிட எளிய மருந்தொன்றை நான் அறியேன்.

கோலத்தில் உள்ள கணக்கு

கோலம் பெண்களின் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் உளர். அவர்கள் ஒரு புள்ளிக் கோலத்தை இட்டுப் பார்க்க வேண்டும். நடுவில் 7 புள்ளிகளை வைத்து, இருபுறமும் ஊடுபுள்ளியாக 6, 5, 4 என்று குறைத்துக்கொண்டே வந்தால் மொத்தம் எத்தனை புள்ளிகள்? 37. அதே 7 புள்ளிகளை நேர்ப்புள்ளியாக வைத்து, இருபுறமும் 5, 3, 1 என்று குறைத்தால்? 25. முன்னது அறுகோண வடிவம் பெறும். பின்னது சாய்சதுரமாக நிற்கும். மூன்றாம் ஆண்டு மாணவனுக்குக் கூட்டலும் வடிவியலும் ஒருசேரக் கற்பிக்க இதைவிட நல்ல கரும்பலகை ஏது?

சிக்குக் கோலத்தில் இழை ஒவ்வொரு புள்ளியையும் வளைத்துச் சென்று, தொடங்கிய இடத்திலேயே வந்து முடிய வேண்டும். ஓரிடத்தில் தடுமாறினாலும் கோலம் மூடாது. இந்த ஒழுங்கிற்கு ஓர் இலக்கணம் இருப்பதை அறிஞர்களும் கண்டனர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும், கமலா கிருத்திவாசனோடு இணைந்து, கோல வடிவங்களைக் கணினி அறிவியல் நோக்கில் ஆராய்ந்து 1974ஆம் ஆண்டில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் வாசலில் இட்டது, கணினி அறிஞர்களின் ஆய்வுப் பொருளாயிற்று. இதை நம் பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். தன் பாட்டியின் அறிவை மதிக்கும் குழந்தை தன்னையும் மதிக்கும்.

அடுக்குமாடி வீட்டில் வாசல் ஏது என்று சிலர் கேட்கக்கூடும். பொது நடைபாதையில் கோலமிட்டால் அண்டை வீட்டார்க்கு இடையூறாகலாம். அதற்கு ஒரு வழியுண்டு. மூன்றடிச் சதுரத்தில் ஒட்டுப்பலகை ஒன்றை வாங்கிக் காவி வண்ணம் பூசி வைத்துக்கொள்ளுங்கள். அதுவே உங்கள் வாசல். கோலமிட்டுக் கதவருகே வைக்கலாம். மறுநாள் துடைத்துவிட்டு வேறு கோலம் இடலாம்.

தீபாவளிக் காலத்தில் பேரங்காடிகளில் வண்ண அரிசியால் பெரிய கோலங்கள் இடுவது நம் நாட்டில் வழக்கமாகிவிட்டது. உண்ணும் அரிசியை இப்படிச் செலவிடலாமா என்னும் வினாவும் உடன் எழுகிறது. என் வீட்டில் நான் குருணையை மட்டுமே பயன்படுத்துகிறேன். வண்ணத்தைச் சிறிது நீரில் கரைத்துக் குருணையோடு பிசறி, செய்தித்தாளில் பரப்பி உலர்த்தினால் போதும். விழா முடிந்ததும் நிறம் பிரித்து மூடியுள்ள போத்தல்களில் சேமித்தால் மறு ஆண்டுக்கும் உதவும். பச்சரிசி மாவால் இடும் வாசற்கோலமோ எறும்புக்கும் உணவாகிறது. அழகையும் அறத்தையும் ஒரே கோட்டில் வரைந்தவர்கள் நம் முன்னோர்.

வீணாகும் பொருளும் விழாப் பொருளே

அடுத்து, பல பொருள்களைச் சேர்த்துச் செய்யும் கலை. இதற்கெனக் கடையில் வாங்க வேண்டியவை மிகச் சில.

நம் வீடுகளில் திருமண அழைப்பிதழ்கள் கட்டுக் கட்டாகக் கிடக்கின்றன. விநாயகர் படமும் குத்துவிளக்கும் அச்சிட்டிருப்பதால் குப்பையில் எறிய மனம் வருவதில்லை. அவற்றின் பொன்னிற ஓரங்களை வெட்டி, கிழிந்த புடவையின் கரையையும் சேர்த்து ஒட்டினால் அழகிய தீபாவளி வாழ்த்து அட்டை உருவாகும். கைப்பேசியில் வரும் நூறு வாழ்த்துகள் இரண்டு நாளில் மறைந்துவிடும். பேரப்பிள்ளை கையால் எழுதி ஒட்டிய ஓர் அட்டையைப் பாட்டி சாமி மேடையில் வைத்துப் பாதுகாப்பார். அவ்வட்டையில் குழந்தை நான்கு வரி தமிழில் எழுத வேண்டியிருக்கும் என்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

கார்த்திகைக்கு ஒரு விளக்குக் கூடு செய்யலாம். மைலோ டின் போன்ற தகர டப்பாவில் முக்கால் பாகம் நீர் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியின் உறைபகுதியில் ஓரிரவு வையுங்கள். விளிம்பு வரை நிரப்பலாகாது. உறையும்போது நீர் விரிந்து டப்பாவைப் புடைக்கச் செய்யும். மறுநாள், புள்ளிக் கோலம் வரைந்த தாளை டப்பாவைச் சுற்றி ஒட்டி, பனிக்கட்டி உள்ள உயரம்வரை ஒவ்வொரு புள்ளியிலும் ஆணியால் துளையிடுங்கள். உள்ளே பனிக்கட்டி தாங்கி நிற்பதால் தகரம் நசுங்காது. பனிக்கட்டி உருகிய பின் கூர்மையான முனைகளைத் தேய்த்துவிட்டு, உள்ளே அகல் ஏற்றினால் சுவரெங்கும் ஒளிக்கோலம் விரியும். சுத்தியலைப் பெரியவர்கள் பிடிக்கட்டும். கோலத்தைப் பிள்ளைகள் வரையட்டும். தகரம் சூடேறும், ஆதலால் செங்கல்லின் மீது வைப்பது நலம். புது அகலை முதலில் சில மணி நேரம் நீரில் ஊறவைத்து எடுத்தால் மண் எண்ணெயை மிகுதியாக உறிஞ்சாது. கோலசிலாங்கூர் வட்டாரத்திலுள்ள கம்போங் குவாந்தானில் மண்விளக்கும் பானையும் செய்யும் தமிழ்க் குயவர்களின் பட்டறை உண்டு. சக்கரத்தில் மண் விளக்காகும் காட்சியை ஒருமுறை கண்ட குழந்தை, அகலை வெறும் கடைச் சரக்காகக் கருதாது.

கொலு நம் தோட்டப்புறங்களில் வீடுதோறும் இருந்த வழக்கமன்று. ஆயினும் இன்று தொடங்குவதற்குத் தடையேதுமில்லை. மூன்று படிகள் போதும். விலையுயர்ந்த பொம்மைகள் தேவையில்லை. பழைய செய்தித்தாளை நீரில் ஊறவைத்து, அரைத்து, மாவுப்பசை சேர்த்துப் பிசைந்தால் காகிதக் கூழ் கிடைக்கும். அதைக் கொண்டு பிள்ளைகளே பொம்மை செய்யலாம். என் மூத்த மகள் செய்தது பால்மரம் வெட்டும் ஒரு பெண்ணின் உருவம். கையில் உளி, இடுப்பில் துணி, அருகில் ஒரு வாளி. அவளுடைய பாட்டி அவ்வுருவத்தை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்திருந்துவிட்டு, "வாளி இன்னும் கொஞ்சம் பெரிசா இருக்கணும்மா" என்று மட்டும் சொன்னார். அன்றிரவு, அதுவரை எங்களிடம் பேசாத தோட்டத்துக் கதைகளையெல்லாம் பேத்தியிடம் பேசினார்.

கொலுப்படியின் கீழே பசுமைக்காக, முளைப்பாரியைச் சிறிய அளவில் வளர்க்கலாம். இரண்டு சிரட்டைகளில் மண் நிரப்பி, ஊறவைத்த பச்சைப் பயற்றை விதையுங்கள். ஒன்றைச் சன்னலோரத்திலும் மற்றொன்றை இருட்டிலும் வையுங்கள். வெளிச்சத்தில் இருப்பது குட்டையாகவும் பச்சையாகவும் வளரும். இருட்டில் இருப்பதோ ஒளியைத் தேடி நெடிதாக நீண்டு வெளிர் மஞ்சளாக நிற்கும். முளைப்பாரியை இருட்டறையில் வளர்த்த நம் பெண்கள் இதை அறிந்தே செய்தார்கள். அறிவியல் பாடம் பூசையறையிலேயே இருக்கிறது.

அண்டை வீட்டாரும் நம் ஆசிரியர்கள்

நாம் பல இனத்தவரோடு வாழ்பவர்கள். நோன்புப் பெருநாளுக்கு மலாய்த் தாய்மார் தென்னங்குருத்தால் கெத்துப்பாட் கூடு பின்னுகிறார்கள். சீனப் புத்தாண்டில் சிவப்பு அங்பாவ் உறைகளை மடித்து அழகிய விளக்குக் கூடுகள் செய்கிறார்கள். நாம் தோரணம் கட்டும் அதே குருத்துத்தான் அங்கே கெத்துப்பாட் ஆகிறது. என் அண்டை வீட்டு மலாய்ச் சகோதரி என் பிள்ளைகளுக்குக் கெத்துப்பாட் பின்னக் கற்றுக்கொடுத்தார். பதிலுக்கு அவருடைய பிள்ளைகள் என் பிள்ளைகளிடம் தோரணம் மடிக்கக் கற்றார்கள். தனக்கென ஒரு கலையுடைய குழந்தையே பிறர்க்குக் கற்பிக்க இயலும். வெறுங்கையோடு நிற்கும் குழந்தை பார்வையாளராகத்தான் இருக்க முடியும்.

சில ஐயங்கள்

நேரமில்லை என்பது முதல் ஐயம். மாலை ஆறரை மணிக்கு வீடு திரும்பும் எனக்கும் நேரமில்லைதான். ஆகவே விழாவுக்கு ஒன்று என்று வகுத்துக்கொண்டேன். பொங்கலுக்குக் கோலப் பலகை, ஆடிக்கு வேப்பிலைத் தோரணம், நவராத்திரிக்கு ஒரு பொம்மை, தீபாவளிக்கு வாழ்த்து அட்டை, கார்த்திகைக்கு விளக்குக் கூடு. ஆண்டுக்கு ஐந்து. விழாவுக்கு முந்திய ஒரு ஞாயிற்றுக்கிழமையின் இரண்டு மணி நேரம் போதும்.

எல்லாம் கடையில் கிடைக்கின்றனவே என்பது இரண்டாவது. உண்மைதான். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் நெகிழி மாவிலை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது, வாடாது, உதிராது. எல்லாவற்றையும் கையால் செய்ய வேண்டுமென்று நான் வற்புறுத்தவில்லை. பலகாரமும் புத்தாடையும் வாங்குங்கள். ஆனால் ஒன்றையேனும் பிள்ளையின் கை செய்யட்டும். வாடும் மாவிலைக்கும் ஒரு பயன் உண்டு. அது வாடுவதால்தான் அடுத்த விழாவுக்கு மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது. மீண்டும் கட்டுவதால்தான் கலை ஒரு கையிலிருந்து மறு கைக்குச் செல்கிறது. வாடாத மாவிலை யாருக்கும் எதையும் கற்பிப்பதில்லை.

இதுவும் தாயின் தலையில் விழும் மற்றொரு சுமைதானா என்பது மூன்றாவது. இவ்வினாவை நான் மதிக்கிறேன். சமையல், துணி, பள்ளிப் பாடம், அலுவலகம் ஆகியவற்றோடு இதையும் சேர்த்தால் தாய் களைத்துப் போவாள். ஆகவே தந்தையரிடம் ஒன்று சொல்ல விரும்புகிறேன். தோரணம் கட்டியவர்களும் பந்தல் போட்டவர்களும் காவடிக்கு மூங்கில் வளைத்து மயிலிறகு செருகியவர்களும் நம் ஆடவர்களே. இது பெண்களின் வேலை என்று ஒதுங்குவதற்கு நம் மரபில் இடமில்லை. தாய் தொடங்கி வைப்பாள். குடும்பம் முழுவதும் தரையில் அமர வேண்டும். கோணலாக வந்த கோலத்தைத் தாய் திருத்தி அழகாக்க வேண்டியதுமில்லை. அக்கோணல் குழந்தையின் கையெழுத்து. அதை அப்படியே வாசலில் வையுங்கள்.

நிர்வாகத்தினரிடம் மூன்று வேண்டுகோள்கள்

நிறைவாக, ஆலய நிர்வாகத்தினரிடம் மூன்று வேண்டுகோள்களைப் பணிவோடு முன்வைக்கின்றேன்.

முதலாவது, அடுத்த ஆடித் திருவிழாவிற்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், நம் நான்கு பெரியவர்களையும் நடுவில் அமர்த்தி, பிள்ளைகளைச் சுற்றி அமரச் செய்து, தோரணம் கட்டும் வகுப்பொன்றை மண்டபத்தில் நடத்த வேண்டும். அப்பெரியவர்களுக்கு அன்று மாலையிட்டுச் சிறப்புச் செய்ய வேண்டும். அவர்கள் கையசைவுகளைக் கைப்பேசியில் படம்பிடித்து வைப்பதும் நன்று. ஆயினும் படம் கையாகிவிடாது. அருகில் அமர்ந்து பழகுவதே முதன்மையானது.

இரண்டாவது, திருவிழா அலங்காரம் முழுவதையும் குத்தகைக்கு விடாமல், ஒரு வாயிலையேனும் பிள்ளைகளுக்கென ஒதுக்க வேண்டும். அவ்வாயில் மற்றவற்றைப் போல் நேர்த்தியாக இராது. ஆனால் அதைக் கட்டிய பிள்ளை, தன் பெற்றோரையும் நண்பர்களையும் கையைப் பிடித்து அழைத்து வந்து காட்டும். ஆலயத்தைத் தன்னுடையதாக எண்ணும் உணர்வு அந்த இடத்தில்தான் பிறக்கும்.

மூன்றாவது, ஒவ்வோராண்டும் நவராத்திரியின்போது மாதர் பகுதியினர் ஒரு சிறு மேசையை இட்டு, பிள்ளைகள் வீட்டில் செய்த பொருள்களைக் காட்சிக்கு வைக்க வேண்டும். பரிசும் போட்டியும் வேண்டா. பெயரும் வயதும் தமிழில் எழுதிய ஓர் அட்டையை அருகில் வைத்தாலே போதும்.

இவற்றிற்குப் பெரும் பொருட்செலவு ஏதுமில்லை. ஆனால் காலம் நமக்காகக் காத்திராது. நால்வர் என்னும் எண் குறைவதற்கு முன்னரே, அதை நாற்பதாக்கும் முயற்சியில் நாம் இறங்க வேண்டும். இங்கு அமர்ந்திருக்கும் தாய்மார்களுள் பத்துப் பேர் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத் தங்கள் பிள்ளைகளை அழைத்து வர முன்வந்தால், குருத்துக்கும் வண்ணத் தாளுக்கும் ஆகும் செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன். பெயர் கொடுக்க விரும்புவோர் நிகழ்ச்சி முடிந்ததும் மாதர் பகுதிச் சகோதரிகளை அணுகுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கலைகளுக்கெல்லாம் தாயாகிய அன்னை, நம் பிள்ளைகளின் கைகளில் திறமையையும் நாவில் தமிழையும் என்றும் நிலைபெறச் செய்தருள்வாளாக என்று வேண்டி அமைகின்றேன்.